‘ஸ்டேஷனுக்கு 5 நிமிடம்’: புறநகர் ரயில் நிலையமும் அதைச் சுற்றிய ஐந்நூறு மீட்டரும்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் எவரும் சாலையோரத்து மனை விற்பனைப் பலகைகளைப் படிக்காமல் தப்ப முடியாது. சி.எம்.டி.ஏ. அங்கீகாரம், உடனடிப் பத்திரப்பதிவு, வங்கிக் கடன் வசதி என்ற வரிகளுக்கெல்லாம் மேலே, பெரிய எழுத்தில் ‘ஸ்டேஷனுக்கு 5 நிமிடம்’ என்று இருக்கும். அந்த ஐந்து நிமிடம் நடையிலா, பைக்கிலா, இரவு பதினொரு மணிக்குக் காலிச் சாலையிலா என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை. ஆனாலும் அந்த வரியை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. புறநகரில் குடியேறுகிறவர் எதற்குக் கூடுதல் பணம் தரத் தயாராக இருக்கிறார் என்பதை நகரமைப்பு அலுவலகங்களுக்கு முன்பாகவே கண்டுகொண்டவர்கள் மனைத் தரகர்கள்.

ரயில் நிலையத்தைச் சுற்றி, வாழ இனியதாகவும் நடுத்தர வருவாய்க் குடும்பத்துக்குக் கட்டுப்படியாவதாகவும் ஒரு குடியிருப்பை அமைப்பது எப்படி என்பது உண்மையில் இரண்டு கேள்விகள். இனிமை, நிலையத்தின் வாசலிலிருந்து முதல் ஐந்நூறு மீட்டருக்குள் முடிவாகிறது. விலையோ, முதல் ரயில் ஓடுவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாக, அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்பதில் முடிவாகிவிடுகிறது. சென்னை முதல் வேலையை அரைகுறையாகச் செய்தது. இரண்டாவதை ஓரிரு இடங்களில் அருமையாகச் செய்துவிட்டு மறந்துபோனது.

முதலில் கணக்கு. நிலையத்தை மையமாக வைத்து 500 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அதற்குள் ஏறத்தாழ 78 ஹெக்டேர், அதாவது 190 ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலம் அடங்கும். 800 மீட்டராக்கினால் அது 200 ஹெக்டேராகிவிடும். நிலையத்தைச் சார்ந்த வளர்ச்சிக்காக மத்திய அரசு 2017இல் வெளியிட்ட கொள்கையும் இந்த 500 முதல் 800 மீட்டர் எல்லையைத்தான் குறிப்பிடுகிறது. நிதானமாக நடக்கிறவருக்கு அது ஏழு முதல் பத்து, பன்னிரண்டு நிமிடம். இந்தச் சிறு வட்டம்தான் நகரத்தின் மிக அரிய சொத்து. ரயில் பாதையை எவ்வளவு நீட்டினாலும் ஒரு நிலையத்துக்கு ஒரு வட்டம்தான் கிடைக்கும், அதைப் பெரிதாக்க வழியில்லை.

சென்னையின் வட்டங்களில் பல முழு வட்டங்களே அல்ல. தெற்குப் புறநகர்ப் பாதையில், பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை, தண்டவாளமும் ஜி.எஸ்.டி. சாலையும் தோளோடு தோள் உரசியபடி போகின்றன. நிலையத்தின் ஒரு பக்கம் வாகனங்கள் இடைவிடாது பாயும் அகலமான நெடுஞ்சாலை. அதைக் கடக்க நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ இல்லாத இடத்தில், சாலைக்கு எதிர்ப்புறம் இருநூறு மீட்டரில் வீடு உள்ளவரும் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பவரும் ஒன்றே. பறக்கும் ரயிலின் கதை இன்னும் வேடிக்கை. சேப்பாக்கத்திலிருந்து திருவான்மியூர் வரை பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும் பாதை போடப்பட்டது. அரசு நிலம், கையகப்படுத்தும் தொல்லை குறைவு என்பதே காரணம். தொல்லை குறைந்தது உண்மை. ஆனால் கால்வாய்க் கரையில் நின்ற நிலையங்களுக்கு ஒரு பக்கத்து மக்கள் எட்டாமல் போனார்கள், தூண்களால் கால்வாயும் நெருக்கப்பட்டது. கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று கோட்டை போலக் கட்டிய நிலையக் கட்டடங்களின் மேல்தளங்கள் ஆண்டுக்கணக்கில் இருண்டு கிடந்தன. நடந்து வருகிறவர்கள் இல்லாத இடத்தில் கடை வைக்க யாரும் வருவதில்லை.

வட்டம் முழுதாக இருக்கும் இடங்களிலும் அந்த நடை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தாம்பரத்துக்குத் தெற்கே ஏதாவதொரு நிலையத்தில் மாலை ஏழரை மணிக்கு இறங்கும் ஒருவரைப் பின்தொடர்வோம். நடைமேடையின் கடைசியில்தான் படிக்கட்டு. கூட்டத்தோடு ஏறி இறங்கினால் வெளியே டூவீலர் ஸ்டாண்டு, அதை வளைத்துக்கொண்டு ஒரு மண் தடம். தடம் சாலையைத் தொடும் இடத்தில் பூக்கடை, டீக்கடை, ஷேர் ஆட்டோக்களின் வரிசை. அப்புறம் மழைநீர் வடிகாலின் சிமென்ட் மூடிகளே நடைபாதை. இரண்டு மூடிக்கு ஒன்று பெயர்ந்திருக்கும், நடுவில் ஒரு மின்மாற்றி நிற்கும், அங்கே சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். கையில் காய்கறிப் பையும் தோளில் அலுவலகப் பையும் உள்ள பெண், நானூறு மீட்டர் தூரத்துக்கு ஷேர் ஆட்டோவில் ஏறுவது சோம்பலால் அல்ல. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான முப்பது கிலோமீட்டருக்குப் புறநகர் ரயில் வாங்குவது பத்து ரூபாய். கடைசி ஒரு கிலோமீட்டருக்கு அதற்குமேல் போய்விடுகிறது. மாதம் இருபத்தைந்து நாள், காலையும் மாலையும் என்று பெருக்கிப் பார்த்தால், கட்டுப்படியாகும் வீடு என்று நம்பி வாங்கிய வீட்டின் மாதத் தவணைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புத் தொகை முளைத்திருப்பது தெரியும். வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் தனித்தனியாகக் கணக்கிடுவதுதான் நாம் செய்யும் முதல் பிழை.

இதைச் சீர்செய்ய அழகுக்கலை தேவையில்லை. நிலையத்தின் இரு முனைகளிலும் வாசல். வாசலிலிருந்து வளையாமல் உள்ளே போகும் இரண்டு மூன்று தெருக்கள். அவற்றில் ஆளுக்கு இடமுள்ள சமதள நடைபாதை, நிழலுக்குப் புங்கை அல்லது வேம்பு, இரவில் விளக்கு. தெருவைப் பார்த்தபடி திறந்திருக்கும் கடைகள். கடைசியாகச் சொன்னதைத் திட்டம் போட்டு வரவழைக்க வேண்டியதுகூட இல்லை. மாம்பலம் நிலையத்துக்கும் உஸ்மான் சாலைக்கும் நடுவே இருந்த ஒரே குற்றத்துக்காகத்தான் ரங்கநாதன் தெரு இன்றைய ரங்கநாதன் தெருவானது. காலடி விழும் இடத்தில் கடை முளைக்கும். அந்தக் காலடி மூச்சுமுட்டாதபடி அகலம் ஒதுக்குவதே திட்டமிடுகிறவரின் வேலை. அங்கே அது ஒதுக்கப்படாததால்தான் 2023 மே மாதத்தில், மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து, அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஆகாய நடைபாலத்தை இருபத்தெட்டு கோடி ரூபாய்ச் செலவில் திறக்க வேண்டியிருந்தது. புதிய புறநகரில், காலி நிலமாக இருக்கும்போதே பன்னிரண்டு மீட்டர் அகலத் தெரு ஒன்றை விட்டுவைப்பது அதில் சிறு பங்குச் செலவில் முடிந்துவிடும்.

இனி வீடுகள். மேற்சொன்ன 78 ஹெக்டேரில் சாலை, பள்ளி, பூங்கா, கடை என்று பாதியை விட்டுவிட்டால் 39 ஹெக்டேர் மிஞ்சும். அதைச் சென்னை வழக்கப்படி ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனைகளாகப் பிரித்துத் தனி வீடு கட்டினால் ஏறத்தாழ 1,750 குடும்பங்கள் வாழலாம். அதே நிலத்தில் லிஃப்ட் இல்லாமல் ஏறக்கூடிய, தரையும் மூன்று மாடியுமான கட்டடங்களை ஹெக்டேருக்கு 150 வீடு வீதம் கட்டினால் ஆறாயிரம் குடும்பங்களை நெருங்கும். இதற்கு வானளாவிய கோபுரங்கள் வேண்டியதில்லை. இருபது மாடிக் கட்டடத்துக்குத் தீயணைப்பு ஏற்பாடு, லிஃப்ட், ஜெனரேட்டர், பராமரிப்புக் கட்டணம் என்று சதுர அடிக்கு ஏறும் செலவை, நிலையத்தருகே வீடு தேடும் பேருந்து நடத்துநராலோ மருத்துவமனைச் செவிலியராலோ தாங்க முடியாது. நான்கு தளக் கட்டடம் பார்வைக்கும் தெருவுக்கும் இணக்கமானது. மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து கீழே நிற்கும் பிள்ளையைக் கூப்பிட முடியும் என்பதைக் கட்டட விதிகள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை; தாய்மார்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

விலையை ஏற்றுவது நிலம் மட்டுமல்ல, கார் நிறுத்தமும்தான். ஒரு கார் நிற்க இரண்டரைக்கு ஐந்து மீட்டர், பன்னிரண்டரைச் சதுர மீட்டர் போதும். ஆனால் அது உள்ளே வரவும் திரும்பவும் வழி விட்டால் இரட்டிப்பாகி, 270 சதுர அடியைத் தொடும். 500 சதுர அடி வீட்டுக்கு இது பாதிக்கு மேல். நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் உள்ள சின்ன வீடுகளுக்கு கார் நிறுத்தத்தைக் கட்டாயப்படுத்தாமல், வேண்டியவர் தனியாக வாடகைக்கு எடுத்துக்கொள்ளும்படி விட்டால், அதே மனையில் வீடுகளின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொருவரின் யு.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்குக்கான விலையும் குறையும். கார் இல்லாதவர் பக்கத்து வீட்டுக்காரரின் கார் நிற்பதற்குச் சேர்த்து மாதத் தவணை கட்டுவது இப்போதைய நடைமுறை.

இவ்வளவும் செய்தாலும், நிலவிலை என்ற யானை நடுவே நிற்கும். நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தாலே வட்டத்துக்குள் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தை உண்டாக்கியது பொதுப்பணம், அதைப் பெறுகிறவர் முன்கூட்டியே வாங்கிப் போட்டவர். பிறகு பொதுத்துறையே அந்த நிலத்தை வாங்கப் போனால், தான் ஏற்றிய விலையைத் தானே கொடுக்க வேண்டியிருக்கிறது. 2007இல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் ரயில், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டரில் உள்ள பரங்கிமலையோடு இணைவதற்கான வேலை 2008இல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் சில நூறு மீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்குகள் அந்தச் சிறு இணைப்பைப் பத்தாண்டுக்கும் மேலாக நிறுத்திவைத்தன. நிலத்தைக் கடைசியில் வாங்கினால் வரும் விளைவுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நேர்மாறான வரிசையில் நடந்தது சுவீடனின் ஸ்டாக்ஹோம். அந்நகரம் 1904 முதலே தன்னைச் சுற்றியிருந்த பண்ணை நிலங்களை வாங்கத் தொடங்கியது. மெட்ரோ பற்றி உறுதியான திட்டம் எதுவும் இல்லாத காலம் அது. நிலம் வயல் விலையில் கிடைத்தது. அதை விற்காமல் குத்தகைக்கு விடும் முறையையும் கொண்டுவந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, ஸ்வென் மார்க்கேலியஸ் என்ற கட்டடக் கலைஞர் நகரமைப்புத் தலைவராக இருந்தபோது, மேற்கே வெல்லிங்பி என்ற புறநகர் எழுந்தது. மெட்ரோ 1952இல் அங்கே வந்தது, ஊரின் மையம் 1954 நவம்பரில் திறக்கப்பட்டது. தண்டவாளத்துக்கு மேலே தளம் போட்டு, அதன் மீது கார் நுழையாத சதுக்கம், கடைகள், நூலகம், திரையரங்கம். நிலையத்திலிருந்து 500 மீட்டருக்குள் அடுக்குமாடி வீடுகள், அதற்கப்பால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரை வரிசை வீடுகளும் தனி வீடுகளும். வேலை, வீடு, மையம் என்ற மூன்றும் ஓரிடத்தில் என்பது முழக்கம். சுவீட மொழியில் அம்மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஏ.பி.சி. நகரம்’ என்றார்கள். குடியேறியவர்களில் பாதிப் பேர் உள்ளூரிலேயே வேலை பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தது மட்டும் பலிக்கவில்லை. பெரும்பாலோர் ரயிலேறிப் போனார்கள், வேறு பலர் ரயிலில் வந்து அங்கே வேலை பார்த்தார்கள். அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் இரு திசையிலும் ரயில் நிறைந்து ஓடுவது எந்த ரயில்வே நிர்வாகமும் கனவு காணும் நிலை.

அதே ஸ்டாக்ஹோம் அடுத்த தலைமுறையில் சறுக்கியதும் பாடத்துக்கு உரியது. 1965க்கும் 1974க்கும் இடையே பத்து இலட்சம் வீடுகள் கட்டும் தேசியத் திட்டத்தின் பகுதியாக டென்ஸ்டா என்ற புறநகர் அவசரமாக எழுந்தது. குடும்பங்கள் 1960களின் இறுதியிலேயே குடியேறிவிட்டன, மெட்ரோ வந்தது 1975இல். இடைப்பட்ட ஆண்டுகளில் சேறும் பேருந்து மாற்றலும் பார்த்தவர்கள், முடிந்தபோது வேறிடம் போனார்கள். அந்த ஊருக்கு ஒட்டிக்கொண்ட கெட்ட பெயர் ரயில் வந்த பிறகும் போகவில்லை. நிலம் பொதுக்கையில் இருந்தது, வீடும் மோசமில்லை. ரயில் பிந்தியது ஒன்றே மற்றவற்றைக் கெடுத்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது, அருகிலேயே ஓடும் புறநகர் ரயில் நிற்க அங்கே நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி வர வேண்டியிருந்தது. மக்கள் முதல் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளும் பயண வழக்கம் எளிதில் மாறாது. அந்த ஆறு மாதத்தில் பைக் வாங்கியவர், பிறகு நிலையம் திறந்தாலும் அதை விற்றுவிட்டு ரயிலுக்கு வருவதில்லை.

சுவீடனின் கதை பணக்கார நாட்டுக்கு உரியது என்று ஒதுக்க வேண்டியதில்லை. 1970களின் இறுதியில் உலக வங்கிக் கடனுதவியோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அரசு வீடு கட்டித் தரவில்லை. தெரு, தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் ஆகியவற்றோடு மனைகளை மட்டும் பிரித்துக் கொடுத்தது. ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு சென்ட் அளவை ஒட்டிய மிகச் சிறிய மனைகள். அவற்றின் விலையைத் தாங்கும் வகையில், அகலமான தெருக்களில் பெரிய மனைகளும் வணிக மனைகளும். அடுத்து முகப்பேரிலும் இதே முறை. ஆரம்பத்தில் குடியேற்றம் மெதுவாக நடந்ததால் தோல்வி என்று பலரும் எழுதிவிட்டார்கள். இருபது, முப்பது ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தவர்கள் கண்டது, பல வருவாய்ப் பிரிவினரும் கலந்து வாழும், மாடிக்கு மேல் மாடியாகத் தாங்களே கட்டிக்கொண்ட, நடக்க ஏற்ற தெருக்கள் கொண்ட நகர்ப்பகுதிகளை. வில்லிவாக்கத்துக்கு ரயில் முன்பே இருந்தது. அரும்பாக்கத்துக்கு 2015 ஜூனில் சென்னையின் முதல் மெட்ரோவே வந்தது. மனை சிறியதாக இருப்பதே கட்டுப்படியாகும் விலைக்கு உறுதியான காப்பு. ஒரு கிரவுண்டுக்குக் குறைந்து விற்க மறுக்கும் ஊரில் எந்த மானியமும் நெடுநாள் நிற்காது.

இன்றைக்கு வயல் விலையில் நிலம் வாங்கி வைக்க அரசால் முடியாது என்றால், மிஞ்சும் வழி நிலத்தொகுப்பு. உரிமையாளர்கள் எல்லாரும் தங்கள் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, தெரு, பூங்கா, பள்ளிக்கு ஒரு பங்கை விட்டு, மிச்சத்தைச் சீரான மனைகளாகத் திரும்பப் பெறுவது. விட்டுக்கொடுத்த பங்கில் ஒரு பகுதியில் சிறு வீடுகளை அரசு கட்டுவது. குஜராத் தன் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அகமதாபாத்தின் ஓரங்களை இப்படித்தான் விரிக்கிறது. நமக்கும் இது புதிதல்ல: 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தை அடுத்து வந்த ஆண்டுகளில்தான் தியாகராய நகர் கோடு போட்டு வரையப்பட்டது. அதற்காகத் தூர்க்கப்பட்டது மாம்பலம் ஏரி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு மட்டும் மிச்சம், பார்ப்பதற்கு ஏரி இல்லை. இந்த ஒன்றில் முன்னோர்களைப் பின்பற்ற வேண்டாம். தெற்குப் புறநகரின் ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து அடையாற்றுக்கோ பள்ளிக்கரணைக்கோ போகிறவை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் முதல் மாடி வரை ஏறியது அந்தத் தண்ணீர்தான். நிலைய வட்டத்தில் ஏரியோ கால்வாயோ இருந்தால், அதன் கரையை நிலையத்துக்குப் போகும் நடைவழியாக்கினால் போதும். நிழலுக்கு மரம், காற்றுக்குத் தண்ணீர், நடக்க வண்டியில்லாப் பாதை என மூன்றும் ஒரே செலவில் கிடைக்கும். காலையில் ஆள் நடமாடும் கரையில் ஆக்கிரமிப்பும் சுலபமாக வராது.

விதிகளில் ஏற்கெனவே இருப்பதைக் கொண்டே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டடமோ மனைப்பிரிவோ அமைக்கிறவர் அதில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். நடைமுறையில் அது மனைப்பிரிவின் பயனற்ற மூலையில், முள்வேலிக்குள், பூட்டிய கதவோடு கிடக்கிறது. வட்டத்துக்குள் வரும் எல்லாத் திட்டங்களின் பத்து சதவீதத்தையும் முன்கூட்டியே வரைந்த ஒரே கோட்டில் விழச் செய்தால், நிலைய வாசலிலிருந்து ஊரின் உள்ளே வரை தொடர்ச்சியான ஒரு பசுவழி செலவின்றி உருவாகும். இப்போது பூந்தமல்லியையும் சிறுசேரியையும் மாதவரத்தையும் நோக்கி இரண்டாம் கட்ட மெட்ரோவின் தூண்கள் எழுந்திருக்கும் இடங்களில், இந்தக் கோட்டை வரைபடத்தில் போடுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. மனைப் பலகைகள் முந்திக்கொண்டுவிட்டாலும்.

புறநகர் நிலையங்களின் வாசலில் மிக மதிப்புள்ள நிலத்தில் இன்று இருப்பது டூவீலர் ஸ்டாண்டு. ஒரு ஏக்கர் ஸ்டாண்டில் நெருக்கி நிறுத்தினால் ஏறத்தாழ இரண்டாயிரம் வண்டிகள் நிற்கும். அதே ஏக்கரில் எஃப்.எஸ்.ஐ. இரண்டு, அதாவது மனைப் பரப்பைப் போல இரு மடங்கு தளப்பரப்பு என்று வைத்துக்கொண்டு ஐம்பது சதுர மீட்டர் வீடுகள் கட்டினால் நூற்று அறுபது குடும்பங்களுக்கு இடம். வண்டிகளை விரட்டிவிட்டு வீடு கட்டச் சொல்வது நியாயமாகாது, ஏனெனில் அந்த இரண்டாயிரம் பேரும் நடக்கும் தூரத்தில் வீடு கிடைக்காமல் இரண்டு, மூன்று கிலோமீட்டர் உள்ளே போனவர்கள். தரைத்தளம் முழுவதும் தூண்கள் மட்டும், அதற்குள் இதே ஸ்டாண்டு, இதே டீக்கடை, இதே பூக்கடை; மேலே நான்கு தளம் சிறு வாடகை வீடுகள்; நிலம் ரயில்வேயிடமோ மாநில அரசிடமோ இருக்கும் நிலையங்களில் இதற்கு யாரிடமும் மனை வாங்க வேண்டியதில்லை. மேலே குடியிருப்பவர்களில் எத்தனை பேர் கீழே வண்டி நிறுத்த டோக்கன் கேட்கிறார்கள் என்பதை ஸ்டாண்டுக்காரரே ஓராண்டில் கணக்குச் சொல்லிவிடுவார்.